டெப்பா, லப்டொப்பா? செய்த வேலை யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்

திருகோணமலை நகருக்குள் போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்துகொடுக்கிற கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு வருகிற பிள்ளைகள், நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர்மார், ஓய்வூதியக் கடிதம் எழுத வருகிற ஆசிரியர்மார் என்று எல்லாரும் ஏறி இறங்குகிற இடம். "அக்கா, ஒரு டெப் எடுத்தால் போதுமா, லப்டொப்தான் வேணுமா?" என்ற கேள்வி இங்கே ஓயாமல் வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் விலையையும் திரையின் அளவையும் மனதில் வைத்துக் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: "அதில செய்து முடிக்கிற வேலையை யாரிட்டக் குடுக்கப்போறீங்க?"

வாசிப்பது, பார்ப்பது, கேட்பது எல்லாம் நம்மோடு முடிகிற வேலைகள். அவற்றுக்கு எந்தக் கருவியும் போதும். கடிதம், கணக்கு, ஒப்படை, திட்ட அறிக்கை, சங்கக் கூட்டக் குறிப்பு போன்றவை இன்னொருவர் மேசைக்குப் போய்ச் சேருகிற வேலைகள். அந்த மேசையில் இருப்பவர் அதைத் திறக்க வேண்டும், திருத்த வேண்டும், தன் கோப்போடு சேர்க்க வேண்டும். வடிவத்தைத் தீர்மானிப்பது அவர்தான். எங்கள் மாவட்டத்தில் அந்த மேசைகளில் பெரும்பாலும் விண்டோஸ் கொம்பியூட்டரும் வேர்டும் எக்செலும் இருக்கின்றன. டெப் வாங்கிய பிறகு சிக்கல் வருகிற இடமும் இதுவே. கடைசியில் அவர்கள் என் கடைக்கு வந்து காசு கொடுத்து அதே வேலையைத் திரும்பச் செய்விக்கிறார்கள். அந்தக் காசு எனக்கு வருமானம்தான். ஆனாலும் ஒரு பிள்ளை ஒப்படை கொடுக்கிற கடைசி நாளில் பதறிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. இதை எழுதுவது அதற்காகத்தான்.

கடைக்குப் போகுமுன் ஒரு கொப்பி

வாங்க நினைத்தவுடன் கடை ஏறி இறங்காதீர்கள். ஒரு கிழமைக்கு ஒரு கொப்பி வைத்திருங்கள். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அன்று போனிலோ வேறெங்கோ செய்த வேலையை எழுதுங்கள். வலப்பக்கம் அது யாருக்குப் போனது, எந்த வடிவில் போனது என்று எழுதுங்கள். போனில் செய்ய முடியாமல் தள்ளிவைத்த வேலைகளையும், எங்களைப் போன்ற கடையில் செய்வித்த வேலைகளையும் கட்டாயம் சேருங்கள். உங்களுக்கு எந்தக் கருவி வேண்டும் என்று சொல்லப்போவது அந்தப் பின்னிரண்டு வகையும்தான்.

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிற ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வந்து காட்டினார். முன்பதிவுச் செய்திகளுக்குப் பதில், அறைப் படங்கள் போடுவது, வெள்ளைக்காரருக்குப் புறாத்தீவுப் படகுப் பயணம் பற்றிச் சொல்வது, காணொளி அழைப்பு என்று பக்கம் நிறைய இருந்தது. வலப்பக்கத்தில் விருந்தினரின் போனைத் தவிர வேறு யாரும் இல்லை. மாதக் கடைசியில் மட்டும் வரவுசெலவு எக்செலாகக் கணக்காளருக்குப் போயிற்று. அவருக்கு டெப் போதும் என்று சொன்னேன். அந்த ஒரு எக்செல் எளிய கூட்டல் கழித்தல்தான், டெப்பிலேயே போடலாம். அதே கிழமை ஒரு கடற்றொழிலாளர் சங்கச் செயலாளரின் பக்கத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் நாலைந்து வரிதான். ஆனால் ஒவ்வொன்றும் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் போகிறவை, அதுவும் தமிழில், போன வருடக் கடிதத்தைத் திருத்தி எழுதுகிறவை. அவருக்கு லப்டொப்தான். ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் எதில் இருக்கிறீர்கள் என்ற கணக்கை வைத்து முடிவெடுத்தால், இவருக்கு ஒரு கொம்பியூட்டரும் தேவையில்லை என்றுதான் வரும். அது பிழையான கணக்கு.

பாமினி என்ற ஒரே காரணம் போதும்

தமிழில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். எங்கள் ஊரில் பழைய கடிதம், சங்க யாப்பு, கோயில் நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள், திருமண அழைப்பிதழ் என்று கொம்பியூட்டரில் கிடக்கிற தமிழில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினி யூனிகோட் (எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீடு) அல்ல. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். பாமினி எழுத்துரு அந்தக் குறியீட்டின் மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் தமிழே தெரியாது, அரைப்புள்ளியும் சாய்கோடும் கலந்த ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். சிங்களத்தில் எப்.எம். அபய எழுத்துருவில் வருகிற பழைய சுற்றறிக்கைகளுக்கும் இதே கதி.

லப்டொப்பில் இது பிரச்சினையே இல்லை. எழுத்துருக் கோப்பை ஒருதரம் நிறுவினால் போதும், வேர்ட் அதைக் காட்டும். அன்ட்ரொயிட் டெப்பில் உள்ள வேர்ட் செயலியில் பாமினியை அப்படிச் சேர்க்க முடிவதில்லை. ஐபேடில் எழுத்துரு நிறுவ வழி உண்டு, ஆனால் அது சுற்றுவழி. பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றித் தருகிற இணையப் பக்கங்கள் இருக்கின்றன. ஒரு பந்திக்கு அவை உதவும். அட்டவணையும் ஆங்கிலச் சொல்லும் கலந்த பத்துப் பக்கக் கோப்பில், ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக மாற்றிக் குழப்பிவிடும்.

வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர்மாருக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உங்களிடம் பென் டிரைவில் பல வருட வினாத்தாள்கள் பாமினியில் கிடந்தால், உங்களுடைய பிரதான கருவி லப்டொப்பாகத்தான் இருக்க வேண்டும். புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். பாமினி விசை ஒழுங்கில் கை பழகியவர்கள் அதே ஒழுங்கில் யூனிகோட் அடிக்க என்.எச்.எம். ரைட்டர், ஈ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் விண்டோஸுக்கு இருக்கின்றன. தமிழ் 99 என்ற இன்னொரு விசை ஒழுங்கில் பழகியவர்களுக்கு விண்டோஸ் 11 இல் அது உள்ளேயே உண்டு. டெப்பின் திரையில் தமிழ் அடிப்பது குறுஞ்செய்திக்கு வசதி. இரண்டு பக்கக் கடிதத்துக்கு மேல் போனால் விரலும் கழுத்தும் நோகும்.

பிள்ளை படிக்கிறது என்றால் எந்த வகுப்பு, எந்தப் பாடம்

2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலை பூட்டிக் கிடந்தபோது பல வீடுகளில் சூம் வகுப்புக்காக டெப் வாங்கினார்கள். அந்தத் தேவைக்கு அது சரியான தெரிவு. வகுப்பைப் பார்ப்பது, வட்ஸ்அப்பில் வந்த பயிற்சித்தாளைத் திறப்பது, விடையைப் படம் பிடித்து அனுப்புவது, ஈ-தக்சலாவ தளத்தில் பாடம் பார்ப்பது எல்லாம் டெப்பில் நன்றாக நடக்கும். தரம் ஒன்பது வரைக்கும் இன்றைக்கும் அதே கதைதான்.

உயர்தரத்தில் நிலைமை மாறும். தகவல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கிற பிள்ளைக்குப் பைதன் எழுத வேண்டும், தரவுத்தளம் செய்ய வேண்டும், இணையத்தளம் செய்கிற பி.எச்.பி. நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். பைதனை மட்டும் டெப்பில் ஒரு செயலியை வைத்து ஓட்டலாம். தரவுத்தளமும் இணையச் சேவையகமும் சேர்த்து ஒரே இடத்தில் நிறுவிப் பழக லப்டொப்தான் வேண்டும். அதோடு அந்தப் பாடத்தில் ஒரு கோப்பு எந்தக் கோப்புறைக்குள் கிடக்கிறது, அதன் பெயரின் பின்னொட்டு என்ன, பாதை என்ன என்பதெல்லாம் கையால் செய்து பழக வேண்டியவை. டெப் இவற்றை மறைத்துவைக்கிறது. டெப்பில் மட்டுமே பழகிய பிள்ளைகள் என் கடைக்கு வந்து, "அக்கா, நான் சேவ் பண்ணினது எங்க போச்சு?" என்று கேட்பதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. யாரும் அவர்களுக்கு அதைக் காட்டவில்லை.

கலைப்பிரிவில் படிக்கிற பிள்ளைக்கும் உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கும் உயர்தரம் முடியும்வரை டெப் போதும். கடந்தகால வினாத்தாள்களையும் பாடக் குறிப்புகளையும் பி.டி.எஃப். ஆக வைத்து, பேனாவால் அதன் மேலேயே எழுதிப் படிக்க டெப் லப்டொப்பை விட எவ்வளவோ மேல். பணம் இருக்கிறதே என்று அந்த வயதிலேயே நல்ல லப்டொப் எடுத்துக் கொடுத்தால், கம்பஸ் கிடைக்கும்போது அது பழையதாகிவிடும். லப்டொப்புக்கான காசைக் கம்பஸ் தொடங்கும் மாதம்வரை வைத்திருங்கள்.

கம்பஸ் போகிற பிள்ளைக்கு லப்டொப் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்களை விடுங்கள், அவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. வணிகக் கற்கை படிக்கிற பிள்ளைக்கும் கடைசி வருட ஆய்வுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் வேண்டிவரும். அது விண்டோஸிலும் மெக்கிலும்தான் ஓடும். தொடர்பாடல் படிக்கிறவர்களுக்குக் காணொளி வெட்டி ஒட்ட வேண்டும், பெரிய கோப்புகளைக் கையாள வேண்டும். ஆய்வறிக்கையில் உள்ளடக்க அட்டவணை தானாக வருவது, அடிக்குறிப்பு, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வேறு பக்க எண் போன்றவற்றை டெப் வேர்டில் ஒழுங்காகச் செய்து முடித்த பிள்ளையை நான் காணவில்லை. எல்லாரும் கடைசியில் ஒரு கொம்பியூட்டரைத் தேடித்தான் வந்தார்கள்.

அலுவலக வேலைக்கும் இதே அளவுகோல். எக்செலில் மக்ரோ (ஒரே வேலையைத் தானாகச் செய்கிற சிறு நிரல்) இருந்தால் அது டெப்பில் ஓடாது. நூறு பேருக்குப் பெயர் மாற்றி ஒரே கடிதம் அடிக்கிற மெயில் மேர்ஜ் வசதி டெப் வேர்டில் இல்லை. வீட்டு வரைபடம் கீறுகிறவர்களுக்கு டெப்பில் ஓட்டோகேட் படத்தைத் திறந்து பார்க்கலாம், சிறு திருத்தம் செய்யலாம், முழு வரைபடத்தையும் அதில் கீற முடியாது.

டெப்தான் சரி என்று நான் சொல்கிறவர்கள்

டெப்பைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்கக்கூடாது. அது சிலருக்கு லப்டொப்பை விட நல்ல கொம்பியூட்டர்.

ரியூசன் ஆசிரியர்கள் முதல் வரிசையில் வருவார்கள். கணிதமும் பௌதிகமும் ஒன்லைனில் படிப்பிக்கிறவர் ஒரு சமன்பாட்டை லப்டொப்பில் அடிக்கிற நேரத்துக்குள், டெப்பில் பேனாவால் மூன்று கணக்குச் செய்து காட்டிவிடுவார். பிள்ளைகளும் ஒவ்வொரு படியாகக் கை எழுதுவதைப் பார்த்து விளங்கிக்கொள்வார்கள். எழுதிய பக்கம் அப்படியே பி.டி.எஃப். ஆகி வட்ஸ்அப்பில் போய்விடும். பெறுகிறவருக்கு வேண்டிய வடிவம் அதுதான். ஆனால் பேனா விஷயத்தில் கவனமாக இருங்கள். அழுத்தத்தை உணர்ந்து, உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாத பேனா வேண்டும். அந்தப் பேனாவுக்கு இடம்கொடுக்கிற டெப்பும் வேண்டும். இருநூறு முன்னூறு ரூபாவுக்கு விற்கிற ரப்பர் முனைப் பேனா எல்லா டெப்பிலும் எழுதும், ஆனால் அதால் படிப்பிக்க முடியாது.

ஓவியம் கீறுகிறவர்கள், கண் பார்வை மங்கிய ஓய்வுபெற்றவர்கள், வெளியிடங்களுக்குப் போய்ப் படமும் குறிப்பும் எடுக்கிறவர்கள் ஆகியோருக்கும் டெப்தான். வயதானவர்களுக்கு எழுத்தை இரு விரலால் பெரிதாக்குவதும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் அழைப்பைத் தொட்டவுடன் எடுப்பதும் பெரிய உதவி. அவர்களிடம் லப்டொப்பைக் கொடுத்தால் மவுஸோடு மல்லுக்கட்டுவதிலேயே ஆசை போய்விடும்.

உங்கள் போனைக் கணக்கில் எடுங்கள்

பலரும் விட்டுவிடுகிற விஷயம் இது. கையில் நல்ல போன் ஏற்கெனவே இருக்கிறது. டெப் செய்கிற வேலையில் பெரும்பகுதியை அந்தப் போன் செய்கிறது: கெமரா, ஸ்கேன், வட்ஸ்அப், வங்கிச் செயலி, வாசிப்பு. அதன் மேல் டெப்பையும் வாங்கினால், ஒரே வகைக் கருவியைச் சிறிதும் பெரிதுமாக இரண்டு வைத்திருக்கிறீர்கள். போனோடு லப்டொப் சேர்ந்தால் ஒன்றில் இல்லாததை மற்றது நிரப்பும். போனால் ஸ்கேன் எடுத்து லப்டொப்பில் கடிதத்தோடு இணைக்கலாம். இணையத்துக்குப் போனின் ஹொட்ஸ்பொட் போதும், லப்டொப்புக்குத் தனிச் சிம் தேவையில்லை. ஒரே ஒரு கருவி வாங்கத்தான் காசு இருக்கிறது, மேலே சொன்ன டெப் கூட்டத்தில் நீங்கள் இல்லை என்றால், இந்தக் காரணத்துக்காகவே நான் லப்டொப் பக்கம் நிற்பேன்.

வீட்டில் எல்லாரும் பகிர்ந்து பாவிப்பதாக இருந்தாலும் அப்படித்தான். விண்டோஸில் ஆளுக்கு ஒரு கணக்குத் திறக்கலாம். சாம்சங் டெப்களிலும் பல பயனர் வசதி உண்டு. வீட்டுக்கு வாங்குகிற ஐபேடில் அது இல்லை. அம்மாவின் மின்னஞ்சலும் மகனின் விளையாட்டும் ஒரே இடத்தில் கிடக்கும்.

டெப்போடு கீபோர்ட் வாங்கினால் லப்டொப் ஆகிவிடாதா?

இதற்குக் கடையில் கேட்கிற முதல் பதிலை நம்பாமல் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். டெப், கீபோர்டோடு வருகிற உறை, பேனா, திரைக் கண்ணாடி, பென் டிரைவும் பிரிண்டரும் பொருத்த யூ.எஸ்.பி. இணைப்பான் என்று எல்லாவற்றின் விலையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அதற்குக் கீழே மைக்ரோசொப்ட் 365 சந்தாவையும் எழுதுங்கள். வேர்ட், எக்செல் செயலிகளில் இலவசமாகத் திருத்துவது 10.1 அங்குலம் வரையான திரைகளுக்குத்தான். அதைவிடப் பெரிய திரையில் பார்க்கலாம், திருத்துவதற்குச் சந்தா கேட்கும். இப்போது வருகிற டெப்களில் அநேகமானவை அந்த அளவைத் தாண்டியவை. கூகிள் டொக்ஸ் இலவசம்தான், ஆனால் அலுவலகத்துக்கு அனுப்பும்போது பந்தியும் அட்டவணையும் இடம் மாறிக் கிடக்கும். கூட்டி முடித்த தொகை, நல்ல நிலையில் உள்ள லப்டொப்பின் விலைக்குக் கிட்ட வந்து நிற்பதைப் பலர் என் மேசையிலேயே கண்டிருக்கிறார்கள்.

அப்படியும் டெப்பும் கீபோர்டும்தான் வேண்டும் என்றால், சாம்சங்கில் டெப் எஸ் வரிசையைப் பாருங்கள். அதில் பெரும்பாலானவற்றில் உள்ள டெக்ஸ் வசதி செயலிகளைத் தனித்தனிச் சன்னல்களாகத் திறக்கும். ஐபேடிலும் 2025 இல் வந்த ஐபேட் ஓ.எஸ். 26 இலிருந்து சன்னல்களை விருப்பப்படி பெரிதாக்கிச் சிறிதாக்கலாம். இரண்டும் நல்ல வசதிகள். ஆனால் பாமினி, மக்ரோ, எஸ்.பி.எஸ்.எஸ். ஆகிய மூன்றில் ஒன்றையும் அவை தீர்க்கவில்லை.

கரண்ட், உப்புக்காற்று, வெக்கை

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் டெப் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். டெப்பின் சார்ஜர் பெரும்பாலும் 15 முதல் 25 வாட், லப்டொப்புக்கு 45 முதல் 65 வாட். இருபதினாயிரம் மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கிற பவர் பேங்க், இழப்புப் போக, எட்டாயிரம் மில்லி அம்பியர் மணி பற்றரி உள்ள டெப்பை ஒருதரம் முழுதாகவும் அதற்கு மேல் கொஞ்சமும் ஏற்றும். சாதாரணப் பவர் பேங்கில் லப்டொப் ஏறாது. லப்டொப் வாங்குகிறவர்கள் யூ.எஸ்.பி.-சி துளையால் சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏறுமென்றால் 65 வாட் தரக்கூடிய பவர் பேங்கும் உதவும், சார்ஜர் பழுதானால் வேறு சார்ஜரும் சுலபமாகக் கிடைக்கும்.

கடற்கரை ஊரில் கருவிக்கு இன்னொரு எதிரி உப்பு. திருக்கடலூரிலும் உப்புவெளியிலும் கடலைப் பார்த்த வீடுகளில் யூ.எஸ்.பி. துளைக்குள் பச்சையாகப் பூப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆடி மாதக் கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவரும், மாரியில் வாடை ஈரத்தைக் கொண்டுவரும். விசிறி உள்ள லப்டொப் இரண்டையும் உள்ளே இழுக்கும். டெப்பில் விசிறி இல்லாததால் இந்த விஷயத்தில் அது கெட்டி. லப்டொப் எடுத்தால் கடற்பக்க யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், பாவிக்காத நேரம் மூடிப் பையில் வையுங்கள், வருடத்துக்கு ஒருதரம் பின்மூடியைக் கழற்றிப் புழுதி தட்டச் சொல்லுங்கள். வெக்கைக்கு டெப்பும் பயப்படும். அப்பிள் நிறுவனம் ஐபேடைப் பாவிக்கச் சொல்கிற உச்ச வெப்பநிலை 35 பாகை. எங்கள் ஊரில் நடுக்கோடையில் அது பின்னேரம் மூன்று மணிக்குச் சர்வசாதாரணம். ஓட்டோவின் முன்தட்டில் வெயில் பட டெப்பை வைத்துவிட்டுப் போகவே கூடாது.

வாங்கும்போது கையால் பார்க்க வேண்டியவை

எங்கள் பக்கம் பாவித்த லப்டொப்தான் அதிகம் கைமாறுகிறது. அதில் தவறில்லை. நல்ல பாவித்த லப்டொப், மட்டமான புதிய டெப்பை விட எனக்கு எப்போதும் பெரிது. ஆனால் ஒன்றை மட்டும் விடாதீர்கள். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5 என்பதற்குப் பிறகு வருகிற எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 1135 என்றால் பதினோராம் தலைமுறை. "ஐ7 தம்பி, நல்ல வேகம்" என்று சொல்லி நாலாம் தலைமுறையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஐ5 எட்டாம் தலைமுறை இருக்கும்போது அதை எடுக்காதீர்கள்.

ராம் 8 ஜீ.பி. இருக்கட்டும், 4 ஜீ.பி. என்றால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். சேமிப்பு, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இல்லாமல், எஸ்.எஸ்.டி. ஆக இருக்க வேண்டும். பாவித்த லப்டொப் பற்றரியைப் பற்றிய வாய்வார்த்தை எதற்கும் உதவாது. விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கலாம். அதில் பற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்புகிற கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இப்போதைய கொள்ளளவு பாதிக்குக் கீழே என்றால், புதுப் பற்றரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். கீபோர்டில் ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள், பாமினிக்கு அரைப்புள்ளி விசை இல்லாமல் ஒரு வரி அடிக்க முடியாது.

சிம் போடுகிற டெப் என்றால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பதிவில்லாத கருவிகளை இங்குள்ள வலையமைப்புகளில் புதிதாக இணைக்க முடியாது என்ற கட்டுப்பாடு 2025 ஜனவரிக் கடைசியில் வந்தது. *#06# அடித்தால் வருகிற பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை (கருவியின் தனி அடையாள எண்), IMEI என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். டுபாயிலிருந்தோ கட்டாரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த டெப் என்றால் கட்டாயம் பாருங்கள். வைஃபை மட்டும் உள்ளதற்கு இந்தத் தொல்லை இல்லை. டெப்பில் சேமிப்பு 128 ஜீ.பி. க்குக் குறைய வேண்டாம். ஐபேடில் மெமரி காட் போட இடமில்லை, வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசிவரைக்கும்.

காசு கொடுக்குமுன் ஒரு முழு வேலை

கொப்பியும் பட்டியலும் முடிந்த பிறகும் மனம் தளம்பினால், தெரிந்தவரிடம் ஒரு டெப்பையோ லப்டொப்பையோ ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். அதில் படம் பார்க்காதீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள மிகக் கடினமான ஒரு வேலையை எடுத்துத் தொடக்கத்தில் இருந்து முடிவுவரை செய்யுங்கள். பழைய கோப்பைப் பென் டிரைவில் இருந்து திறந்து, தமிழில் திருத்தி, அடையாள அட்டைப் பிரதியை இணைத்து, பி.டி.எஃப். ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியை அச்சடித்துக் கையில் எடுங்கள். இடையில் எங்கே நின்றீர்களோ, யாரைக் கூப்பிட்டீர்களோ, அதைக் குறித்துவையுங்கள். ஒரு முறை மட்டும் நின்றால் அது பழக்கம், அடுத்த முறை சரியாகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் அந்தக் கருவி உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை.

வாங்கி வந்த அன்றிரவே முக்கியமான கோப்புகளை இணையச் சேமிப்பில் ஒரு பிரதியும் வெளியே ஒரு பென் டிரைவில் இன்னொரு பிரதியும் வைத்துவிடுங்கள். பில்லையும் வொரன்டி அட்டையையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்புங்கள். கடைப் பில்கள் அநேகமாக வெப்பத்தால் அச்சாகிற தாள், எங்கள் வெக்கையில் எழுத்து மங்கி ஒரு வருடத்துக்குள் வெள்ளைத்தாளாகிவிடும், வொரன்டிக்குக் கொண்டுபோனால் யாரும் ஏற்கமாட்டார்கள்.